அழைப்பு போன எண்

உக்கடம், கோயம்புத்தூர்
9 ஆகஸ்ட் 2021

மதிப்பிற்குரிய நஞ்சுண்டன் ஐயா அவர்களுக்கு,

என் பெயர் உம்மல் குல்சும். பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப்போடத் தோன்றும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். நான்கு முறை போன் செய்தேன். மூன்று முறை எடுக்கவில்லை, நான்காவது முறை பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

மே 19-ஆம் தேதி அன்னூர் பக்கம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் முகாம் நடந்தது. மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தவர் வேறு ஆள். அதற்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து பெயர், வயது, ஊர், போன் நம்பர் எழுதிக்கொண்டவள் நான். உங்கள் மனைவி பாவாத்தாள் அம்மாவின் விவரத்தையும் நான்தான் எழுதினேன். ஏழாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில், உங்கள் வண்டியிலேயே அவர் இறந்துபோனார். படுக்கை காலியானதும் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றும் முகாமில் பதிவான நம்பருக்குப் போயின. அது உங்கள் நம்பர் இல்லை.

நான் நம்பரைத் தப்பாக எழுதியதால்தான் அம்மா இறந்தார் என்று உங்கள் மகன் சுரேந்தர் மனு கொடுத்தார். ஜூலை 30-ஆம் தேதி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். செப்டம்பர் 20-ஆம் தேதி விசாரணை. தப்பு என் பேரில் முடிந்தால் இனி எந்த ஆஸ்பத்திரியும் என்னைச் சேர்க்காது. என் வீட்டுக்காரர் சஹீர் வேலை பார்த்த செருப்புக்கடை போன வருடம் மூடியது, இன்னும் திறக்கவில்லை. எங்கள் மகள் இஃப்ராவுக்கு எட்டு வயது.

ஐயா, அம்மா வாயால் சொன்ன நம்பரைத்தான் எழுதினேன். இரண்டு முறை திருப்பிப் படித்துக் காட்டினேன். நீங்கள் அப்போது பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றீர்கள். விசாரணைக்கு வந்து, “அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை” என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. இதற்கு மேல் சில விஷயங்கள் உண்டு. அவற்றை எழுத எனக்கு மனசு வரவில்லை.

இப்படிக்கு,
உம்மல் குல்சும்


17-8-2021

குல்சும் என்கிறவங்களுக்கு,

கடிதம் வந்தது. பையன் கையில் சிக்கியிருந்தால் அடுப்புக்குள் போயிருக்கும். இனிமேல் போன் பண்ண வேண்டாம், பேசுவதைப் பதிவு பண்ணிக்கொள்வார்கள் என்று சுரேந்தர் சொல்கிறான். எழுதுவதானால் எழுதுங்கள். நானும் எட்டாவது வரைக்கும் படித்தவன்தான்.

நான் பக்கத்தில் நிற்கவில்லை, அது நிஜம். ஆனால் என்னோட நம்பர் பன்னிரண்டு வருசமாக ஒரே நம்பர். பால் சொசைட்டிக்கும் கேஸுக்கும் ரேஷனுக்கும் அவள்தான் சொல்வாள். அசந்து தூங்குகிறவளை எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வாள். அப்படிப்பட்டவள் தப்பாகச் சொன்னாள் என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவதா? ஒரு நாளைக்கு நானூறு பேர் எழுதுகிறீர்கள், கை தவறியிருக்கும். அதை ஒப்புக்கொண்டு போனால்கூட எனக்கு இவ்வளவு எரியாது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மே 23 ஞாயிற்றுக்கிழமை மகள் வர்ஷினிக்கு வீட்டிலேயே ஐம்பது பேரை வைத்துக் கல்யாணம் முடிந்தது. டெஸ்ட் எடுத்து மூன்று நாள் ஆகிவிட்டதே, போன் வரவில்லையே என்று கல்யாணத்துக்கு முதல் நாள் கேட்டேன். “ஒண்ணும் இல்லைன்னாப் போன் வராதுங்க, இருந்தாத்தான் கூப்புடுவாங்க” என்றாள். நானும் நம்பினேன். புதன்கிழமை காலையில் வாசலுக்கு நடந்து வர முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஆம்னி வண்டியில் படுக்கவைத்து, அவள் அக்கா ராசாத்தாளைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு ஒன்பதரைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் பதினேழு ஆம்புலன்ஸ் நின்றது.

கவுண்டரில் முகாமில் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அதிலிருந்த டெஸ்ட் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, பாசிட்டிவ் என்று அப்போதுதான் சொன்னார்கள். “பெட்டு காலியானா உங்க போனுக்குக் கூப்புடுவோம், வண்டியிலயே இருங்க” என்றார்கள். சரிங்க என்று வந்து உட்கார்ந்தேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேனுங்க. சார்ஜ் இறங்கிவிடும் என்று வேறு யாரையும் கூப்பிடவில்லை. மகள்கூட இரண்டு தடவை கூப்பிட்டாள், லைன் பிஸியாகிவிடும் என்று எடுக்காமல் விட்டேன். பாவா மூச்சுக்குத் தவித்துக்கொண்டு என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள், வாய் வரவில்லை. ஒன்றரை மணிக்குப் பொறுக்க முடியாமல் திரும்பக் கவுண்டருக்குப் போனேன். பதினொன்று பத்துக்கு, பதினொன்றே காலுக்கு, பன்னிரண்டுக்கு என்று மூன்று தடவை கூப்பிட்டோம், ராங் நம்பர் என்று யாரோ வைத்துவிட்டார்கள், அந்த பெட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். இரண்டு மணி பத்து நிமிசத்துக்கு உசிரு போச்சு.

உங்களுக்கு வேலைதான் போயிருக்கிறது. நான் எதற்கு விசாரணைக்கு வந்து உங்களைக் காப்பாற்ற வேண்டும்?

நஞ்சுண்டன்


உக்கடம்
24 ஆகஸ்ட் 2021

நஞ்சுண்டன் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துதான் முழுக்கப் படித்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்த அம்மாவுக்காகத் தொழுகையில் துஆ செய்கிறேன். அதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களோ இல்லையோ, எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன்.

ஆனால் எனக்கும் கோபம் உண்டு. உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, “வேணும்னே செஞ்சிருக்கா” என்று சுற்ற விட்டார்கள். அதே மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய தேஜாவின் பெயரை யாரும் போடவில்லை. உங்களூர் ஆள்கள் யாரும் குறுக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என் பெயர் மட்டும் பெரிதானது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

காலை ஏழு மணிக்கு வேன் வந்து கூட்டிப் போகும். பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டால் மத்தியானம் மூன்று வரை தண்ணீர் குடிக்க முடியாது, ஒன்றுக்குப் போக முடியாது. முகத்தில் மாட்டிய கண்ணாடித்தாள் வேர்வையில் மங்கிவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு நம்பரையும் சத்தமாகத் திருப்பிப் படிப்பேன். அம்மாவுடையதையும் படித்தேன். “ஆமாங்க கண்ணு, அதேதான்” என்றார்.

விசாரணை நோட்டீசில் அந்த நம்பரைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பையன் மனுவில் அது இல்லை, அதனால் நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். 98-இல் தொடங்கி 4471-இல் முடிகிறது. உங்கள் நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கை தவறினால் ஓர் எண் மாறலாம், இரண்டு மாறலாம். இதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பத்து எண்ணையும் ஒருத்தி எப்படிக் கை தவறி எழுதுவாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

உம்மல் குல்சும்


2-9-2021

குல்சும் அம்மணிக்கு,

4471 என்று முடிகிற நம்பர் பாவாத்தாளுடையது. பட்டன் போன் வைத்திருந்தாளே, அதற்குப் போட்டிருந்த நம்பர். இரண்டு வருசத்துக்கு முன்னால் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. எதுக்குங்க ஊட்டுக்கு ரெண்டு போன் என்று அவளே வேண்டாம் என்றாள். காசு போடாமல் விட்டதில் அந்த நம்பர் செத்துப்போய், கம்பெனிக்காரன் வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறான். இது எனக்கும் பிள்ளைகளுக்கும் ராசாத்தாளுக்கும்தான் தெரியும். நீங்கள் எழுத முடியாது. அவள் சொன்னால்தான் உண்டு.

மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். காய்ச்சல் வேகத்தில் பழைய நம்பர் வாயில் வந்துவிட்டதா? அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு எதுவும் நடந்ததா? முன்பு ஒரு கடிதத்தில், எழுத மனசு வராத விஷயம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவள் என்ன பேசினாள், எப்படி இருந்தாள், ஒன்று விடாமல் எழுதுங்கள். காய்ச்சல்தான் காரணம் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள், நான் இருபதாம் தேதி வந்து அதைச் சொல்கிறேன்.

நஞ்சுண்டன்


உக்கடம்
7 செப்டம்பர் 2021

நஞ்சுண்டன் ஐயா அவர்களுக்கு,

காய்ச்சல் வேகம் என்று எழுதி அனுப்பிவிடு, உன் வேலையும் பிழைக்கும், அந்த மனுஷனும் பிழைத்துக்கொள்வார் என்று சஹீர் சொன்னார். ஒரு தடவை அப்படி எழுதியும் பார்த்தேன். தபாலில் போட முடியவில்லை. நீங்கள் ஒன்று விடாமல் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் நூற்றொன்று. தெளிவாகத்தான் இருந்தார். நான் நம்பர் கேட்டதும் உடனே சொல்லவில்லை. “ஏனுங்க அம்மணி, ரிசல்ட்டு வந்தா யாருக்குச் சொல்லுவீங்க?” என்றார். இந்த நம்பருக்குத்தான் என்றேன். “ஊட்டுக்கு வந்து தகரம் அடிச்சுப்போடுவாங்களா?” என்றார். தெருவில் மூன்று வீட்டுக்கு வந்தால் அடிப்பார்கள், ஒரு வீடு என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், பதினான்கு நாள் யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த நம்பரைச் சொன்னார்.

சொன்ன நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் போட்ட உத்தரவு, பொய் நம்பர் கொடுக்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால். யாருடைய போன் என்று கேட்டேன். “அதா நிக்கறாரே, அவருதுதானுங்க” என்று உங்களைக் காட்டினார். அடித்தேன். என் போனில் மணி போனது. உங்கள் சட்டைப் பையில் எந்தச் சத்தமும் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தவரிடம் மழையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தொடக்கூடாது, இருந்தும் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஞாயித்துக்கெழம என்ற புள்ளைக்கு முகூர்த்தம் கண்ணு. ரெண்டு தடவ தள்ளிப்போட்டாச்சு. மூணாவது தடவன்னா மாப்பிள்ளை ஊட்டுல வேற பாத்துக்குவாங்க. முகூர்த்தக்கால் நட்டுப்போட்டோம், நட்டதுக்கப்பறம் நிறுத்தக்கூடாது. அவுரு பொய் பேச மாட்டாரு, தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திப்போடுவாரு. நான் யாரு கிட்டயும் ஒட்டாம தள்ளியே நின்னுக்கறேன். திங்கக்கெழம நானே வந்து நெசமான நம்பரைக் குடுத்துப்போடறேன். இந்த நாலு நாளுக்கு மட்டும் பெரிய மனசு பண்ணுங்க.”

சரிபார்த்தது என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று நூறு தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பின்னால் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள், அது ஒரு காரணம். இன்னொன்று, 2020-இல் எங்கள் தெருவை அடைத்துத் தகரம் அடித்தார்கள். என்னைப் பெற்ற அத்தா ஷேக் பரீத் சர்க்கரை வியாதிக்காரர். தகரத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை, இந்தப் பக்கம் நாங்கள். பதினோரு நாள் கழித்து வந்து திறந்தபோது அவர் கால் கறுத்துவிட்டது, எடுக்க வேண்டியதாயிற்று. தகரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சட்டம் எல்லாம் மறந்துபோனது. இரக்கப்பட்டேன் ஐயா. அந்த இரக்கம்தான் அம்மாவைக் கொன்றது. கல்யாணத்துக்கு வந்த ஐம்பது பேரில் யார் யாருக்கு ஒட்டியதோ, அதுவும் என் கணக்கில்தான்.

திங்கட்கிழமை அம்மா வருவார் என்று முகாமில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

உம்மல் குல்சும்


14-9-2021

தெரிந்துகொண்டே டிக் போட்டிருக்கிறாய். பத்தடி தள்ளித்தானே நின்றேன்? “ஏனுங்க, இங்க வாங்க” என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? கல்யாணம்தானே நின்றிருக்கும்? நின்றால் என்ன? மாப்பிள்ளையா கிடைக்காமல் போயிருப்பான்?

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன், கிழித்துப்போட்டேன். முப்பது வருசம் கூட இருந்த எனக்கே தெரியவில்லை, கண்ணாடித்தாளுக்குள்ளே இருந்த உனக்கு என்ன தெரியும்? கல்யாணத்தன்றைக்கு அவள் மணவறைப் பக்கமே வராமல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். வர்ஷினி வா வா என்று கூப்பிட்டும் வரவில்லை. வேலை செய்து அசந்துவிட்டாள் என்று நினைத்து, பொண்ணைப் பெத்தவ இப்படியா நிற்பாய் என்று எல்லார் முன்னாலும் வைதுபோட்டேன். அதுதான் நான் அவளைக் கடைசியாக வைதது. காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சிரித்தாளே.

வண்டிக்குள்ளே போனையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினேன் இல்லையா. அவளுக்கு அப்போது தெரிந்திருக்கிறது, இந்த போனுக்கு எந்த அழைப்பும் வராது என்று. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். ஐயோ, எனக்குப் புரியவில்லையே.

வர்ஷினிக்கு இது தெரிந்தால் என்ன ஆவாள்? தன் கல்யாணத்துக்காக அம்மா செத்துப்போனாள் என்று ஆயுசுக்கும் சுமப்பாள். தாலியைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் தோன்றும். நான் விசாரணைக்கு வர மாட்டேன். நீயும் சொல்லக்கூடாது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்.

நஞ்சுண்டன்


உக்கடம்
21 செப்டம்பர் 2021

ஐயா,

வர மாட்டேன் என்று எழுதிவிட்டு நேற்று வந்து நின்றீர்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரி நம்பரை வாசித்ததும் சுரேந்தர், “இது அம்மாவோட பழைய நம்பராச்சே” என்று உங்களைப் பார்த்தார். அடுத்த மூச்சில் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். “நாந்தானுங்க அந்த நம்பரைச் சொல்லச் சொன்னேன். அவ மாட்டேன்னா. கல்யாணம் நின்னு போயிரும்னு மெரட்டிச் சொல்ல வெச்சேன். இந்த அம்மணி மேல தப்பு இல்லைங்க” என்றீர்கள். பொய் பேசத் தெரியாதவர் என்று அம்மா சொன்னாரே. தடங்கலே இல்லாமல் பேசினீர்கள்.

உங்கள் மகன் அந்த அறையில் வைத்தே உங்கள் சட்டையைப் பிடித்தார். பியூன் வந்து விலக்கிவிட்டார். உங்கள் மேல் பட்டன் ஒன்று தரையில் விழுந்தது. நீங்கள் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், சரிபார்த்தீர்களா என்று. மணி போனது, அதனால் டிக் போட்டேன் என்றேன். மணி போனது உண்மைதான். உங்கள் பையில் அடிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். நீங்கள் பேசியதும் அதை விட்டுவிட்டேன். என் கூலிக்காக நீங்கள் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

இதை மாற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள். திரும்பப் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

உம்மல் குல்சும்


5-10-2021

குல்சும் அம்மணிக்கு,

போன கடிதத்தில் ஒருமையில் எழுதிப்போட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றையும் மாற்ற வேண்டாம். நீங்கள் நினைக்கிற மாதிரி உங்களுக்காக நான் அதைச் சொல்லவில்லை. நம்பரை வாசித்தால் சுரேந்தருக்குத் தெரிந்துவிடும் என்பது முந்தின நாள்தான் எனக்கு உறைத்தது. வாசிக்காமல் எப்படி விசாரிப்பார்கள்? அம்மாவே வேண்டுமென்று பழைய நம்பரைச் சொன்னாள் என்று அவனுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் தங்கச்சிக்குத் தெரியும். அதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். பழி யார் மேலாவது விழத்தான் போகிறது. செத்தவள் மேல் விழக்கூடாது, அந்தப் பிள்ளை மேலும் விழக்கூடாது. மிச்சம் இருக்கிறவன் நான் ஒருத்தன்தானே.

சுரேந்தர் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறானாம். வர்ஷினி போன் எடுப்பதில்லை. பொய்த் தகவல் கொடுத்ததாக எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, போய் ஒப்புக்கொண்டு வந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறேன், மாட்டைப் பார்க்கிறேன். ராசாத்தாள்கூட வாசலில் நின்று, “கூட இருந்தே கொன்னுபோட்டீங்களே” என்று கேட்டுவிட்டுப் போனாள். தங்கச்சியைப் பறிகொடுத்தவள், கேட்கத்தான் செய்வாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் பழி போட்டது பாவா மேல் இல்லையே என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

ஒரே ஒரு உதவி. யார் வந்து கேட்டாலும் நான் சொன்னதையே நீங்களும் சொல்ல வேண்டும். யார் கேட்டாலும்.

நஞ்சுண்டன்


உக்கடம்
18 நவம்பர் 2021

ஐயா,

உத்தரவு வந்துவிட்டது. என் பேரில் குற்றம் இல்லை என்று முதல் வரி. திட்டக் காலம் முடிந்துவிட்டதால் திரும்ப வேலை தர இயலாது என்று இரண்டாவது வரி. மதுக்கரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் எழுதும் வேலைக்குப் போகிறேன். சம்பளம் பாதி. வருகிறவர்களிடம் நம்பர் கேட்டதும், அவர்கள் கண் முன்னாலேயே அடித்துப் பார்த்து, அவர்கள் போன் ஒலித்த பிறகுதான் எழுதுகிறேன். மெதுவாக எழுதுகிறேன் என்று மேனேஜர் திட்டுகிறார்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. நேற்று உங்கள் மகள் வர்ஷினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உத்தரவின் நகலில் முகவரி பார்த்து, பஸ் பிடித்து, உக்கடத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு தனியாக வந்திருக்கிறாள். வயிற்றில் நாலு மாதம் என்று சொன்னாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள். அம்மாவின் முகவாய்தான் அவளுக்கு.

“அக்கா, எங்கப்பா மெரட்டுனாருன்னு சொல்றாங்க. அவரு ஆட்டுக்குட்டியைக்கூட மெரட்டுனதில்ல. எனக்கு நம்பிக்கை இல்ல. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. எங்கம்மாவா சொன்னாங்களா, அப்பா சொல்லச் சொல்லிச் சொன்னாங்களா? என்னால தாங்க முடியும், நெசத்தைச் சொல்லுங்க” என்றாள்.

அவள் உங்களை நம்பித்தான் வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மகள் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் நன்றாகத் தெரிந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தேன். நீங்கள் கேட்டது நினைவுக்கு வந்தது.

“உங்கம்மா அழுதுட்டேதான் சொன்னாங்கம்மா. அவரு சொல்லச் சொல்றாரு, நான் என்ன பண்ணட்டும்னு எங்கிட்டச் சொன்னாங்க” என்றேன்.

அவள் கத்தினாள் ஐயா. தெருவே எட்டிப் பார்த்தது. அந்த ஆளு செத்தாலும் நான் வர மாட்டேன் என்று கத்திவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போனாள். சஹீர் பின்னாலேயே போய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். இஃப்ரா என்னிடம், “ஏம்மா அந்த அக்காகிட்ட பொய் சொன்ன?” என்று கேட்டாள். அவளிடம் நான் முன்பு எதுவும் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்தே குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

நான் செய்தது சரியா என்று எழுதுங்கள். நேற்றிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

உம்மல் குல்சும்


27-11-2021

குல்சும் அம்மணிக்கு,

சரியாகத்தான் செய்தீர்கள். என்னை நம்பி அவ்வளவு தூரம் வந்தாள் என்று எழுதினீர்களே, அந்த இடத்தைப் பல தடவை படித்தேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஆனாலும் எழுதியது நல்லதுதான்.

கத்தினாள் என்றால் பரவாயில்லை. இடி விழுந்த மாதிரி வாயடைத்துப் போயிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். என் மேல் கோபம் இருக்கிற வரைக்கும் அவள் அவங்க அம்மாவை நினைத்து அழலாம், தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. நோட்டீஸ் விசயம் அபராதத்தோடு முடிந்தது. உங்கள் மகளிடம் நீங்கள் என்ன சொன்னீர்களோ தெரியாது. பெரியவள் ஆனதும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாசம் பொண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்து கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ராசாத்தாள் வீட்டில் இருந்து செய்துகொள்கிறார்களாம், என்னை வர வேண்டாம் என்று வர்ஷினி சொல்லிவிட்டாள். இதைச் சொல்ல நேற்று ராசாத்தாளே வந்தாள். அரிசி மட்டும் நம் வயலில் விளைந்ததாக இருக்கட்டும் என்று ஒரு மூட்டை கொடுத்தேன். உங்கள் பேர் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். பெண் குழந்தை பிறந்தால் பாவாத்தாள் என்றுதான் பேர் வைக்கப்போகிறாளாம் வர்ஷினி. குழந்தையை அப்பா கண்ணில் காட்ட மாட்டேன் என்றும் சொன்னாளாம். சொல்லிவிட்டு ராசாத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பேருதான், வைக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

நஞ்சுண்டன்